கார் ஏசி கம்ப்ரசரும் என் கணக்கு நோட்டும்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மைக் இரண்டு முறை நின்றுபோனதால் பின்வரிசைக்குக் கேட்காமல் போன பகுதிகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)



வழக்கமாக என்னைப் பேசக் கூப்பிட்டால் சீனியர் சிட்டிசன் டெபாசிட், நாமினேஷன், வருமான வரி என்றுதான் தலைப்பு கொடுப்பார்கள். இந்த முறை செயலாளர், “சார், உங்க கார் ஏசி கதையைச் சொல்லுங்க. பார்க்கிங்ல நாலு பேர் அதைத்தான் கேட்கறாங்க” என்றார். நான் பி.காம். படித்தவன். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் குமாஸ்தா வேலை. ஸ்பேனர் பிடித்த கை இல்லை. அதனால் இதை ஒரு மெக்கானிக்கின் பாடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பணத்தைக் கட்டியவனின் வாக்குமூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். செவ்வாய், வியாழன், சனி. காலை பத்து மணிக்குப் படுக்க வைத்தால் நான்கு மணி நேரம். வெளியே வரும்போது இரண்டரை மணி வெயில். கிண்டியிலிருந்து குரோம்பேட்டை வரை ஜிஎஸ்டி ரோடு. (வரி அல்ல, கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடு. இரண்டுமே மெதுவாகத்தான் நகரும்.) டயாலிசிஸ் முடிந்தவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். வெயிலில் நாக்கு வறண்டாலும் நம்மைப் போல ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட முடியாது. ஒரு நாளைக்கு இத்தனை மில்லி என்று டாக்டர் அளந்து கொடுத்திருப்பார். ஆகவே கார் ஏசி என்பது எங்கள் வீட்டில் சொகுசுக் கணக்கில் வராது. மருந்துச் செலவுக் கணக்கில்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது 2014-இல் வாங்கிய சின்ன பெட்ரோல் கார். இந்த மார்ச்சில் ஏசி காற்று வருகிறது, குளிர்ச்சி குறைவு. பக்கத்தில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினேன். பேர் வேண்டாம். அங்கிருந்த தம்பி பானெட்டைத் திறந்து, ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “கேஸ் கம்மி சார், போட்டுடலாம்” என்றார். 1,800 ரூபாய். ஜில்லென்று வந்தது. ஐந்து வாரத்தில் மறுபடி அதே நிலை. மறுபடி 1,800. மறுபடி ஜில்.

இந்த இடத்தில் என் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். வங்கியில் சேர்ந்த காலத்தில் கம்ப்யூட்டர் கிடையாது. மாலையில் பேரேடு டேலி ஆகவில்லை என்றால், வித்தியாசம் எவ்வளவோ அதை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம். பிழை எங்கே என்று கண்டுபிடித்ததாக ஆகாது, மறுநாள் வந்து தேடத்தான் வேண்டும். தேடாமல் விட்டால் ஆடிட்டர் தேடுவார். அந்த 1,800 ரூபாய் கேஸ் அப்படிப்பட்ட சஸ்பென்ஸ் என்ட்ரி. கார் ஏசி மூடிய சுற்று. பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதற்கு அதில் எதுவும் இல்லை. பல வருடத்தில் ஓஸ் வழியாகவும் சீல் வழியாகவும் கொஞ்சம் கசியும், அது சகஜம். ஐந்து வாரத்தில் குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை. முப்பத்து நான்கு வருடம் டேலி பார்த்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஓட்டை வழியாகக் கேஸ் மட்டும் போவதில்லை என்பதுதான் எனக்குத் தெரியாமல் போன விஷயம். கம்ப்ரசருக்கு உள்ளே பிஸ்டன் ஓடுகிறது. அதற்கு எண்ணெய் வேண்டும். இன்ஜினுக்கு ஆயில் பம்ப் இருப்பது போல இதற்குத் தனியாக இல்லை. கேஸோடு கலந்தே எண்ணெய் சுற்றி வந்து கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. கேஸ் வெளியேறினால் எண்ணெயும் கூடவே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். நாம் கேஸ் மட்டும் போட்டு, எண்ணெய் போடாமல் ஓட்டினால், இன்ஜின் ஆயில் இல்லாமல் வண்டி ஓட்டுவதற்குச் சமம். உள்ளே இருக்கிற காற்று நமக்கு ஜில்லென்று இருக்கும். பானெட்டுக்குக் கீழே கம்ப்ரசர் தேய்ந்துகொண்டிருக்கும்.

மே இரண்டாவது வாரம், கத்திரி வெயில். டயாலிசிஸ் முடித்துத் திரும்புகிறோம். மீனம்பாக்கம் தாண்டும்போது முன்பக்கமிருந்து ஒரு கிரீச் சத்தம், கருகிய ரப்பர் வாடை. ஏசியை அணைத்தேன், சத்தம் நின்றது. அணைத்தால் கம்ப்ரசரின் கிளட்ச் விட்டுவிடும், பெல்ட்டும் புல்லியும் மட்டும் சும்மா சுற்றும். அதனால் வண்டி ஓடியது. ஜன்னலை இறக்கினால் அனல், ஏற்றினால் அடுப்பு. “ஏங்க, நிறுத்தாதீங்க, இப்படியே போயிடலாம்” என்றாள். பல்லாவரத்துக்கு முன் ஒரு சிக்னலில் நின்றபோது ஏதோ கேட்டேன், பதில் இல்லை. தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது.

ஓரம் கட்டினேன். அங்கே டீக்கடை வைத்திருந்த ஒரு பெண்மணி ஓடிவந்து, “ஐயா, அம்மாவ முதல்ல நெழல்ல எறக்குங்க” என்று பெஞ்சைக் காலி செய்து கொடுத்தார். படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தோம். ஈரத்துணி போட்டார். கண் திறந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கே திரும்பினோம். மேல் அழுத்தம் 80 காட்டியது. இரவு எட்டு மணிக்கு வீடு வந்தோம். கார் டீக்கடை வாசலிலேயே கிடந்தது.

அடுத்த டயாலிசிஸ் இரண்டு நாளில். எனக்கு யோசிக்க நேரமில்லை, பொறுமையும் இல்லை. அதே ஒர்க்ஷாப் தம்பியைக் கூப்பிட்டேன். “கம்ப்ரசர் ஜாம் சார். புதுசு ரொம்ப ஆகும். செகண்ட்ஸ் ஒண்ணு இருக்கு, எல்லாம் சேர்த்து எட்டாயிரத்து ஐநூறு, நாளைக்கே மாட்டித் தரேன்.” சரி என்றேன். பழைய பாகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுப்பேட்டையில் கழற்றிய கதவும் கண்ணாடியும் வாங்கிப் போட்டு நன்றாக ஓட்டுகிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். கதவின் நிலை கண்ணுக்குத் தெரியும். கம்ப்ரசரின் உள்ளே தெரியாது, அதுதான் வித்தியாசம். அந்த எட்டாயிரத்து ஐநூறு சரியாகப் பத்தொன்பது நாள் உழைத்தது. இருபதாவது நாள் கடகடவென்று சத்தம், பிறகு வெறும் சூடான காற்று. நல்ல வேளை, அன்று மனைவி வண்டியில் இல்லை.

அதன்பிறகு எட்டு நாள் என் மனைவியைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தது பி பிளாக்கில் இருக்கும் ஒரு தம்பி. முன்வரிசையில்தான் இருக்கிறார், பேர் சொன்னால் எழுந்து போய்விடுவேன் என்று மிரட்டியிருக்கிறார். கால் டாக்ஸியும் பார்த்தோம். ஏசி போட்டால் கூடக் காசு என்பார்கள், சிலர் பாதி வழியில் அணைப்பார்கள். நோயாளி என்று சொன்னால் சிலர் வரவே மாட்டார்கள்.

அந்தத் தம்பிதான் கார் ஏசி வேலை மட்டும் பார்க்கிற ஒருவரிடம் என்னை அனுப்பினார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். முதலில் அவர் வண்டியைத் தொடவேயில்லை. மார்ச்சிலிருந்து என்ன நடந்தது என்று கேட்டார். நான் கணக்கு நோட்டைப் பார்த்துத் தேதியோடு சொன்னேன். பிறகு டார்ச் அடித்து முன்பக்கக் கிரில் வழியாகக் காட்டினார். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிற கண்டன்சரில், கீழ் மூலையில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு, அதில் புழுதி அப்பியிருந்தது. கல் பட்ட ஊசி ஓட்டை. “சார், இந்தக் கம்ப்ரசர் தானா சாகல. எண்ணெய் இல்லாம சாகடிச்சிருக்காங்க” என்றார்.

அடுத்து குழாய் இணைப்பு ஒன்றைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். கறுப்பு மை போல இருந்தது, வெயிலில் பிடித்தால் மினுமினுப்பு. தேய்ந்த உலோகத் தூள். முதல் கம்ப்ரசர் போகும்போது இந்தத் தூளைச் சுற்று முழுவதும் துப்பிவிட்டுப் போயிருக்கிறது. அதைக் கழுவாமல் இரண்டாவது கம்ப்ரசரை மாட்டினால், அது முதல் நாளிலிருந்தே அந்தத் தூளைக் குடிக்கிறது. தூளின் மிச்சம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் போய் அடைக்கிறது. எத்தனை கம்ப்ரசர் போட்டாலும் அத்தனையும் போகும். புதிதாகவே வாங்கி மாட்டியிருந்தாலும் என் பணம் போயிருக்கும் என்றார். எனக்கு இது பெரிய செய்தி. கம்ப்ரசர் மாற்றுவது என்றால் பல்பு மாற்றுவது போல ஒன்றைக் கழற்றி இன்னொன்றைப் போடுவது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்: புது கம்ப்ரசர் 17,800, கண்டன்சர் 7,200, எக்ஸ்பான்ஷன் வால்வு 1,450, ஓ-ரிங், எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்த்து 2,350, கழுவுவதும் நைட்ரஜன் சோதனையும் கூலியும் 5,000. ஆக 33,800, வரி உட்பட. எனக்கு மயக்கம் வந்தது, நான் டயாலிசிஸ் நோயாளி இல்லையென்றாலும்.

ஒவ்வொன்றும் ஏன் என்று கேட்டேன். கேட்பது குமாஸ்தா புத்தி. அவர் முகம் சுளிக்காமல் சொன்னார். இந்தக் காலக் கண்டன்சரில் தட்டையான குழாய்களுக்குள் மயிரிழை போன்ற சந்துகள், தூள் புகுந்தால் எந்தத் திரவம் விட்டும் முழுதாகக் கழுவ முடியாது. என் வண்டிக்கு ஓட்டையும் இருக்கிறது, ஆக மாற்றியே தீர வேண்டும். ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் என் வண்டியில் கண்டன்சரோடு சேர்ந்தே வருகிறது. தனியாக இருக்கிற வண்டிகளில் அதையும் புதிதாகப் போட வேண்டும், ஏனென்றால் சுற்றைத் திறந்து வைத்தாலே அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்து நிறைந்துவிடும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரையும் குழாய்களையும் கழுவி, நைட்ரஜன் அடித்து ஊதிவிடலாம், மாற்ற வேண்டாம் என்றார். அதைக் கேட்டபோதுதான் இவர் பில்லை ஏற்றுகிறவர் இல்லை என்று நம்பிக்கை வந்தது. எவாப்பரேட்டர் மாற்றுவதென்றால் டாஷ்போர்டையே பிரிக்க வேண்டியிருக்குமாம்.

33,800 செலவு செய்யலாமா, காரையே விற்றுவிடலாமா என்று என் மகன் பெங்களூரிலிருந்து கேட்டான். நியாயமான கேள்வி. நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஏற்கனவே போன 12,100 ரூபாயை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, அது எப்படியும் திரும்பாது. வாரம் மூன்று என்றால் வருடத்துக்கு 156 நாள். போகவர டாக்ஸிக்கு ஐநூறு என்று வைத்தாலும் 78,000. ஆர்.சி. 2029 வரை இருக்கிறது, இன்ஜின் நன்றாக இருக்கிறது. ஏசி இல்லாத காரை விற்கப் போனால் வாங்குகிறவன் 33,800-க்கு மேலேயே விலையில் குறைப்பான். செய்யலாம் என்று முடிவெடுத்தேன். இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று சிலர் கேட்டீர்கள். நாம் கட்டுகிற சாதாரண முழுக் காப்பீடு விபத்துக்குத்தான், தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் இல்லை. முன்பக்கம் மோதிக் கண்டன்சர் உடைந்தால் அது வேறு கதை.

வேலை நடந்த நாள் நான் ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். மிகவும் ரசித்தது எண்ணெய் அளந்ததுதான். புது கம்ப்ரசருக்குள் பெட்டியிலிருந்தே எண்ணெய் ஊற்றி வருகிறது, பெரும்பாலும் முழுச் சுற்றுக்கும் சேர்த்து. எவாப்பரேட்டரிலும் குழாயிலும் பழைய எண்ணெய் தங்கியிருந்தால் கணக்கில் கூடிப் போகும், கழுவியிருந்தால் தங்கியிருக்காது. அதனால் புதிதில் இருந்ததை அளவுக் குவளையில் கொட்டி, கம்பெனி தாளைப் பார்த்து, அளந்தே திரும்ப ஊற்றினார். கூடினால் குளிர்ச்சி குறையும், குறைந்தால் மறுபடி பழைய கதை. மாட்டிய பிறகு கிளட்ச் தட்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றினார், உள்ளே தேங்கியிருக்கும் எண்ணெய் நகர்வதற்காக. எடுத்த எடுப்பில் இன்ஜின் வேகத்தில் ஓடவிட்டால் எண்ணெயை அழுத்த முயன்று உள்ளே உடையுமாம்.

பிறகு நைட்ரஜன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, அரை மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பார்த்தார். இறங்கவில்லை. அடுத்து வாக்குவம் பம்ப், முக்கால் மணி நேரம். உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் அறைச் சூட்டிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும், அப்படித்தான் மிச்ச ஈரத்தை எடுக்கிறார்கள். ஈரம் நின்றால் வால்வில் ஐஸாக அடைக்கும், எண்ணெயோடு சேர்ந்து அரிக்கும். முந்தைய ஒர்க்ஷாப்பில் பம்ப் சத்தத்தையே நான் கேட்டதில்லை. கடைசியில் கேஸ். சிலிண்டரைத் தராசில் வைத்து, கிராம் கணக்கில். எவ்வளவு என்று பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கர் இருக்கிறது. சின்னக் கார்களுக்கு அரைக் கிலோகூட வராது. உங்கள் வண்டியில் இன்றே போய்ப் பாருங்கள், கேஸின் பெயரும் இருக்கும். என்னுடையது ஆர்-134ஏ. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட ஆர்-12-க்குப் பதில் வந்தது இது. இதுவும் சாது இல்லை, புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். என் கார் மார்ச்சிலிருந்து ஊருக்குச் செய்த உபகாரம் அது.

எல்லாச் சூடான காற்றுக்கும் கம்ப்ரசரைத் திட்ட வேண்டாம் என்றும் சொல்லிக்கொடுத்தார். ஃபியூஸ், ரிலே, கிளட்ச் காயில் போயிருக்கலாம். கண்டன்சர் முன்னால் இருக்கும் ஃபேன் ஓடாமல் இருக்கலாம், அப்போது வண்டி நின்றால் சூடு, ஓடினால் ஜில் என்று இருக்கும். கேஸ் மிகவும் குறைந்தால் பிரஷர் சுவிட்சே கிளட்சைப் பிடிக்க விடாது. நீல மீட்டர், சிவப்பு மீட்டர் என்று இரண்டு மாட்டுவார்கள். ஏசி அணைந்திருக்கும்போது இரண்டும் ஒரே எண் காட்டும். கேஸ் சரியாக இருந்து, கிளட்சும் பிடித்து ஓடும்போது நீலம் இறங்கி சிவப்பு ஏற வேண்டும். இரண்டும் ஏறக்குறைய அப்படியே நின்றால் கம்ப்ரசர் அழுத்தவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த மீட்டரை மாட்டாமலே “கம்ப்ரசர் போச்சு” என்று சொல்கிறவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பில் விஷயத்தில் என் தொழில் புத்தியிலிருந்து ஒன்று. கம்ப்ரசரின் வாரண்டி கேட்கப் போனால் பல கம்பெனிகள் முதலில் கேட்பது, கழுவினீர்களா, டிரையர் மாற்றினீர்களா, பில் எங்கே என்பதைத்தான். ஆகவே “ஏசி வேலை, மொத்தம்” என்று ஒரே வரியில் எழுதிய சீட்டு செல்லாது. பாகம், எண், வேலை, ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்க வேண்டும். கார் பாகங்களுக்கு முன்பு 28 சதவீதம் வரை இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம், பழைய விகிதத்தில் போட்டுவிடப் போகிறார்கள், பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கினேன். என்ன செய்யப் போகிறீர்கள் என்று மனைவி கேட்கிறாள். பார்க்கிங்கில் என் தூணுக்குப் பின்னால் சாக்குப்பையில் இருப்பது அதுதான். குப்பை என்று புகார் கொடுத்தவருக்கு இதுவே பதில். வேண்டுமானால் அந்தக் கறுப்புத் தூளைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

கடைசியாக நோட்டின் கூட்டுத்தொகை. மார்ச் முதல் ஜூன் வரை 45,900. மார்ச் மாதமே ஓட்டை தேடியிருந்தால் கண்டன்சர், எண்ணெய், கேஸ், கூலி என்று பதினோராயிரத்தை ஒட்டி முடிந்திருக்கும். அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த டீக்கடைக்கு மறுபடி போனேன். பெஞ்சில் இரண்டு டீ குடித்தோம். மனைவிக்கு அன்றைய அளவில் பாதி டீதான். கடைக்கார அம்மா காசு வாங்கவில்லை. நோட்டில் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.

கேள்வி இருப்பவர்கள் நாளை மாலை வீட்டுக்கு வாருங்கள், நோட்டைக் காட்டுகிறேன். செவ்வாய் வேண்டாம், பத்து மணி ஷிஃப்ட், திரும்ப மூன்றரை ஆகும்.